பொய்ச் சண்டைக்கு ஒரு மணி நேரமா?

"அதெல்லாம் பொய் சார். முன்னாடியே பேசி வெச்சுக்கிட்டு அடிச்சுக்கறாங்க!"

ரெஸ்லிங் பார்ப்பேன் என்று வாய் தவறிச் சொன்னால் போதும், அடுத்த நொடியே இந்த வாக்கியம் வந்து விழுகிறது. போன மாதம் சொன்னவர், வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற என் நண்பர். முகத்தில், ஏதோ சி.பி.ஐ. ஃபைலை உடைத்துப் படித்துவிட்ட பெருமிதம்.

ஐயா, இது ரகசியமே இல்லை. 1989-லேயே வின்ஸ் மக்மஹனின் கம்பெனி, அமெரிக்காவின் நியூஜெர்சி மாகாண செனட்டிடம் 'இது விளையாட்டுப் போட்டி அல்ல, பொழுதுபோக்கு' என்று ஒப்புக்கொண்டுவிட்டது. விளையாட்டு என்றால் அரசாங்கக் கட்டுப்பாடு, வரி என்று ஏகப்பட்ட தொல்லை. தப்பிப்பதற்காக உண்மையைச் சொன்னார்கள். ட்ரம்ப் கார்டை வைத்துக்கொண்டு 'அண்டர்டேக்கர் எவ்வளவு உயரம்?' என்று அடித்துக்கொண்ட நம்ம ஊர்ப் பையன்களுக்குத்தான் தகவல் வந்துசேரக் கொஞ்சம் லேட்.

ஆகவே, நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி வேறு. யார் ஜெயிப்பது என்று முன்கூட்டியே முடிவான ஒரு சண்டையை, ஆயிரக்கணக்கான பேர் ஒரு மணி நேரம் கண் கொட்டாமல் பார்க்கிறார்களே, எப்படி?

நிஜம்தான் வேண்டும் என்கிறீர்களா? இதோ ஒரு நிஜம். 1916 ஜூலை 4, அமெரிக்காவின் ஒமாஹா நகரம். ஜோ ஸ்டெக்கர், எட் 'ஸ்ட்ராங்ளர்' லூயிஸ் இரண்டு பேரும் மோதினார்கள். பலரும் அதை அசல் குஸ்தி என்றே சொல்கிறார்கள். சுமார் ஐந்து மணி நேரம்! ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு நின்றதுதான் மிச்சம். முடிவு, டிரா. காசு கொடுத்து வந்த ஜனங்கள் நொந்துபோனார்கள். நிஜமான பலசாலிகள் இரண்டு பேர் நிஜமாகவே மோதினால், பெரும்பாலும் இப்படித்தான் ஆகும். தொழிலாகக் குஸ்தி நடத்தியவர்கள் பொய்யைத் தேடிப் போனதற்கு இந்த அலுப்பும் ஒரு காரணம்.

முடிவு தெரிந்தால் சுவாரஸ்யம் போய்விடும் என்பவர்கள் நம்ம கூத்தைப் பார்த்ததில்லை. துச்சாதனன் சாகப்போகிறான் என்று தெரியாமலா ஜனங்கள் விடிய விடிய உட்கார்ந்திருக்கிறார்கள்? எப்போது, எப்படி என்பதற்காகத்தானே!

நீளமான ரெஸ்லிங் மேட்ச் ஒரு கடன் கணக்கு. முதல் பத்து நிமிடத்தில் வாங்கியதையெல்லாம் கடைசிப் பத்து நிமிடத்தில் வட்டியும் முதலுமாக அடைக்க வேண்டும். ஐந்தாவது நிமிடத்தில் அடிபட்ட முழங்கால் நாற்பதாவது நிமிடத்திலும் நொண்ட வேண்டும். மறந்துபோய் ஓடினால் தொலைந்தது, கூட்டத்தின் நம்பிக்கையும் கூடவே ஓடிவிடும். இன்னொன்று, முடிவை எழுதிக் கொடுக்கலாம், மூச்சிரைப்பை எழுதிக் கொடுக்க முடியாது. ஐம்பதாவது நிமிடத்தில் ஒருவன் தள்ளாடினால், அதில் பாதி நடிப்பு, பாதி நிஜம். எது எந்தப் பாதி என்று உங்களால் கண்டுபிடிக்க முடியாது. பல சமயம் அவனுக்கே தெரியாது.

ஜப்பானில் கஸுச்சிகா ஒகாடா, கனடாக்காரர் கென்னி ஒமேகா இரண்டு பேரும் மோதியதைச் சொல்கிறேன். ஒகாடா சாம்பியன். ஒமேகாவிடம் 'ஒன் விங்டு ஏஞ்சல்' என்று ஒரு பிரம்மாஸ்திரம் உண்டு. எதிராளியைத் தோளில் தூக்கி உட்கார வைத்து, அப்படியே தலைகீழாக இறக்குவது. 2017 ஜனவரி 4, டோக்கியோ டோம். 46 நிமிடத்துக்கு மேல் நடந்த மேட்சில் ஒமேகாவால் அந்த அஸ்திரத்தை ஒரு தடவைகூடப் பிரயோகிக்க முடியவில்லை. தூக்குவார், ஒகாடா நழுவிவிடுவார். தோற்றுப்போனார்.

அதே வருஷம் ஜூன் 11, ஒஸாகா. 60 நிமிடம்தான் கெடு. ஐந்து மாசமாகக் கூட்டத்தின் மனசில் ஒரே கேள்வி: அதைப் போட்டுவிட்டால் என்ன ஆகும்? போட்டேவிட்டார். ஒகாடாவின் தோள்கள் தரையில். ரெஃப்ரி எண்ணுகிறார். மூன்று எண்ணினால் முடிந்தது கதை. பார்த்தால், ஒகாடாவின் ஒரு கால் கயிற்றின் மேல் கிடக்கிறது. கயிற்றில் கால் பட்டால் எண்ணக் கூடாது, அதுதான் விதி.

அவ்வளவுதான் சார். யாருக்கும் ரத்தம் வரவில்லை, நாற்காலி உடையவில்லை. ஒரு கால், ஒரு கயிறு. ஆனால் அந்தக் கால் அங்கே போய் விழ, இரண்டு மேட்ச் தேவைப்பட்டது. மணி அடித்தபோது டிரா. அந்த ஆகஸ்டில், பெல்ட் பணயம் இல்லாத ஒரு மேட்சில், அதே பிடியைப் போட்டு ஒமேகா ஜெயித்தார். அடுத்த வருஷம் ஜூன் 9-ம் தேதி, மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில், நேரக் கெடு இல்லாமல், 64 நிமிடம் மோதி பெல்ட்டையும் பறித்தார். 720 நாள் சாம்பியனாக இருந்தவர் இறங்கினார்.

இங்கேதான் என் கட்சிக்காரர்களோடு, அதாவது ரெஸ்லிங் ரசிகர்களோடு, எனக்குச் சண்டை. இவர்கள் இதிலிருந்து கற்றுக்கொண்டது என்ன? 'ஆஹா, ஒரு மணி நேரம்!' என்பதைத்தான். டேவ் மெல்ட்ஸர் என்ற பத்திரிகையாளர் மேட்சுகளுக்கு ஸ்டார் போடுவார். ஐந்துதான் உச்சம் என்று பொதுவாக நம்பியிருந்த இடத்தில், ஜனவரி மேட்சுக்கு ஆறு, 2018 மேட்சுக்கு ஏழு. அப்புறம் கேட்க வேண்டுமா, ஆளாளுக்கு நாற்பது நிமிடம் இழுக்கிறார்கள். 2020 ஏப்ரலில், கொரோனா சமயத்தில், எட்ஜும் ராண்டி ஆர்ட்டனும் ரெஸ்ல்மேனியாவில் 36 நிமிடத்துக்கு மேல் மோதினார்கள். காலி ஹால். ஈ காக்கை இல்லை. நமக்கோ எப்போதடா முடியும் என்று ஆகிவிட்டது. நீளத்தைத் தாங்கிப் பிடிப்பது கூட்டத்தின் மூச்சு. அது இல்லாவிட்டால் வெறும் நிமிடம்தான் மிச்சம். பத்தாததற்கு, ஜூன் மாசம் அதே ஜோடியை மறுபடி இறக்கி, 'இதுவரை நடந்ததிலேயே மிகச் சிறந்த மேட்ச்' என்று நடப்பதற்கு முன்பே விளம்பரம் வேறு!

1996-ல் பிரெட் ஹார்ட், ஷான் மைக்கேல்ஸ் மோதிய 60 நிமிட 'அயர்ன் மேன்' மேட்சைக் கோயில் கட்டிக் கும்பிடுகிறார்கள். கடைசிப் பத்து நிமிடத்துக்காக நானும் கும்பிடுவேன். நடுவில் எனக்குக் கொட்டாவி வந்ததையும் சொல்லித்தான் ஆக வேண்டும். திட்டுங்கள், பரவாயில்லை.

கொட்டாவியாவது மன்னிக்கலாம். மன்னிக்க முடியாதது வேறு ஒன்று.

2017 ஏப்ரல் 9. நான் சொன்ன இரண்டு மேட்சுக்கும் நடுவில், டோக்கியோவில் அதே ஒகாடாவோடு கட்ஸுயோரி ஷிபாட்டா மோதினார். 38 நிமிடம். ஒரு கட்டத்தில் ஷிபாட்டா தன் தலையால் ஒகாடாவின் தலையில் மோதினார். பாவனை இல்லை, நிஜ மோதல். நெற்றியில் ரத்தம் வழிந்தது. கூட்டம் ஆர்ப்பரித்தது. மேட்ச் முடிந்து உள்ளே போனவர் சரிந்து விழுந்தார். மூளைக்கு மேலே ரத்தக் கசிவு, அவசர ஆபரேஷன். மறுபடி ரிங்கில் மோத நாலு வருஷத்துக்கு மேல் ஆனது. அந்த மேட்சுக்கும் ஐந்து ஸ்டார். 2009-ல் ஹிரோஷிமாவில் மிட்சுஹாரு மிஸாவா ரிங்கிலேயே சரிந்து இறந்தபோது வயது 46. வருஷக்கணக்காகக் கழுத்தில் வாங்கிய அடிகள் அந்த உடம்பில் இருந்தன.

'பொய், பொய்' என்று நீங்கள் சிரிக்கிறீர்கள். 'இன்னும் நிஜமா, இன்னும் நேரமா' என்று நாங்கள் கத்துகிறோம். நடுவில் மாட்டிக்கொண்டவன், நிரூபிக்கிறேன் பார் என்று மண்டையை நீட்டுகிறான். எதற்கு? கயிற்றின் மேல் ஒரு கால் போட்டாலே நம்பத் தயாராக ஒரு கூட்டம் உட்கார்ந்திருக்கும்போது, மண்டை எதற்கு? ஷிபாட்டாவின் அந்த முட்டை ரீப்ளே போட்டு ரசிப்பவர்களிடம் எனக்குப் பேச ஒன்றுமில்லை. அவர்களில் நானும் ஒருவனாக இருந்தேன் என்பதால் கூடுதல் கோபம்.

வங்கி நண்பரை விடவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வரவழைத்து, அந்த ஜூன் மேட்சைப் போட்டுக் காட்டினேன். முதல் இருபது நிமிடம் பேப்பர் படித்தார். அரை மணி ஆனதும் பேப்பர் மடிக்கு இறங்கியது. அப்புறம் காபி ஆறியது. ஒமேகா தூக்கி இறக்கினார், ரெஃப்ரி எண்ண ஆரம்பித்தார், கால் கயிற்றில் விழுந்தது. நண்பர் எழுந்தே நின்றுவிட்டார்.

"இருங்க, இருங்க. நிஜமாவே கால் கயித்து மேலதான் இருந்துதா? கொஞ்சம் பின்னால போங்க சார், பார்க்கலாம்."