கம்ப்யூட்டர் சொன்னா சரியாத்தான் இருக்குமா?



2-இன் வர்க்கமூலம் என்ன என்று பைத்தானில் கேட்டால் 1.4142135623730951 என்று திரையில் வரும். நாமும் அப்படியே நோட்டில் எழுதிக்கொள்வோம். ஆனா அந்தக் கடைசி 1 உண்மையில் அங்கே கிடையாது! அந்த இடத்தில் 0, அப்புறம் 488 என்று முடிவில்லாமல் போகிறது. தனக்கு ஒதுக்கிய இடத்துக்குள் கம்ப்யூட்டர் சுருக்கிக் காட்டுது, அவ்வளவுதான்.

அதனால் என் கருத்து: வர்க்கமூலத்தை ரெடிமேடாக வாங்காமல், ஒரு தடவையாவது நாமே புரோகிராம் எழுதி எடுக்கணும்.

வழி ரொம்ப எளிது. 1/1-இல் தொடங்குங்கள். மேல் எண்ணையும் கீழ் எண்ணையும் கூட்டினால் புதிய கீழ் எண். அதோடு பழைய கீழ் எண்ணைக் கூட்டினால் புதிய மேல் எண். 3/2, 7/5, 17/12, 41/29, 99/70, 239/169, 577/408... இதெல்லாம் 2-இன் வர்க்கமூலத்தின் தொடர் பின்னத்தில் வருபவை. 577-இன் வர்க்கம் 332929. 408-இன் வர்க்கத்தைப் போல் இரு மடங்கு 332928. ஒண்ணுதான் வித்தியாசம்!

நாலு சுற்றுக்கு ஏறக்குறைய மூணு இலக்கம் சரியாகக் கிடைக்கும். 140 சுற்று ஓட்டி, மேல் எண்ணுக்குப் பின்னால் 100 பூஜ்ஜியம் சேர்த்து முழு எண்ணாகவே வகுத்தால் 100 தசம இலக்கம் கையில். பைத்தானில் முழு எண்ணுக்கு இலக்க வரம்பு இல்லை. புரோகிராம் நாலைந்து வரிதான்.

1914-இல் கேம்பிரிட்ஜில் மகலனோபிஸ் ஒரு பத்திரிகைப் புதிரை வாசித்தார். ஒரு தெருவில் 50-க்கு மேல் 500-க்குள் வீடுகள். ஒரு வீட்டுக்கு இந்தப் பக்கம் உள்ள எண்களின் கூட்டுத்தொகையும் அந்தப் பக்கக் கூட்டுத்தொகையும் சமம். அது எந்த வீடு? அடுப்பில் காய்கறி கிளறிக்கொண்டிருந்த ராமானுஜன், தொடர் பின்னமாகவே விடையைச் சொல்லிவிட்டார்! 288 வீடுகள், 204-ஆம் எண். 408-இல் பாதி 204. 577-இல் ஒன்றைக் கழித்துப் பாதியாக்கினால் 288. பார்த்தீங்களா?

"இதெல்லாம் பரீட்சைக்கு வருமா?" என்பீர்கள். வராதுதான். ஆனா கடலுக்குப் போகும் எங்க அப்பா படகில் ஜி.பி.எஸ். இருக்கு. இருந்தும் கரை திரும்பும்போது ராமேஸ்வரம் டிவி டவரையும் ஒரு தடவை பார்த்துக்கொள்வார். கருவியை நம்பலாம், சரிபார்க்கத் தெரிஞ்சவன் நம்பணும்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: லேபில் வாரம் ஒரு பீரியட், புத்தகத்தில் இல்லாத ஒரு புரோகிராமை நாங்களே எழுத விடுங்கள். கரண்ட் போனால் பரவாயில்லை. 577/408 வரை நோட்டிலேயே போட்டுவிடுவோம்!

- 12-ஆம் வகுப்பு மாணவன்