கோழிக்குத் தடுப்பூசி முகாம் உண்டு, தறிக்கு?

கதைகளில் இயந்திரங்கள் சுலபமாகச் செத்துப்போகின்றன. கடைசி இருபது நிமிடத்தில் ஒருவர் மடிக்கணினியைத் திறந்து நாலு தட்டுத் தட்டுவார். உலகத்தையே அழிக்க வந்தது அப்படியே நின்றுவிடும். 1996-ல் வந்த ‘இண்டிபெண்டன்ஸ் டே’ படத்தில் வேற்றுக்கிரகத்துக் கப்பலையே ஒரு கணினி வைரஸ் கவிழ்த்தது. அந்தக் கிரகத்துக்காரர்கள் எந்த விண்டோஸ் போட்டிருந்தார்கள் என்பதைப் படம் சொல்லவில்லை. நம் ஊரில் 2010 அக்டோபர் 1-ல் ‘எந்திரன்’ வந்தது. சிட்டி என்ற எந்திர மனிதனின் படை ஊரைத் துவம்சம் செய்து முடித்ததும், அவனைச் செய்த விஞ்ஞானி வசீகரன் சிட்டியின் கட்டுப்பாட்டுப் பலகையைத் திறந்து ஓர் உத்தரவு கொடுக்கிறார். சிட்டியைத் தவிர மற்ற அத்தனை எந்திரங்களும் தம்மைத் தாமே அழித்துக்கொள்கின்றன.

இந்தக் காட்சிகளுக்கு நான் எதிரி இல்லை. சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’வை ஆனந்த விகடனில் வாரம் தவறாமல் படித்த தலைமுறை நான். நீதிமன்றம் சொன்னபடி சிட்டி தன்னைத் தானே கழற்றிக்கொள்ளும்போது தியேட்டரில் பக்கத்து சீட்டுக்காரர் மூக்கை உறிஞ்சினார். நானும் யோக்கியமாக இருக்கவில்லை.

என் புகார் வேறு. யாரைக் கொல்ல வேண்டும் என்று வைரஸுக்குத் தெரியும், அது பெரிய, திமிர் பிடித்த இயந்திரத்தைத்தான் கொல்லும் என்று இந்தக் கதைகள் நம்மைப் பழக்கிவிட்டன. நிஜத்தில் அது விழுவது பழைய கணினிகளின் மேல். அந்தக் கணினியை வைத்துப் பிழைக்கிற சின்ன ஆளின் மேல்.

நான் ஆட்டையாம்பட்டியில் ஜக்கார்டு டிசைன் போடுகிறவன். எங்கள் ஊர் என்றால் வெளியூர்க்காரர்களுக்குக் கைமுறுக்கு; எங்களுக்குத் தறி. சேலம் – திருச்செங்கோடு சாலையில் வண்டியை நிறுத்தி இன்ஜினை அணைத்தால் முறுக்கு வாசம் மூக்குக்கு வருவதற்கு முன் விசைத்தறிச் சத்தம் காதுக்கு வந்துவிடும். சேலையின் கரை, முந்தி, புட்டா எல்லாம் முதலில் கிராஃப் தாளில் கட்டம் கட்டமாகப் போட்டு, பிறகு அட்டையில் ஓட்டை அடித்துத் தறிமேல் ஏற்றினோம். 1804-ல் பிரான்சின் லியோன் நகரத்து ஜக்கார்டு கொடுத்த வழி அது. ஓட்டை இருந்தால் நூல் மேலே, இல்லையென்றால் கீழே. அந்த ஓட்டை அட்டையைத்தான் 1890-ல் அமெரிக்காவின் மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு ஹாலரித் எடுத்துக்கொண்டார். கணினி அதில் வளர்ந்தது. கணினி தறியிடம் கற்றது, தறி கணினியிடம் கற்கவில்லை என்பதை என்னிடம் வேலை கற்க வரும் பையன்களிடம் கொஞ்சம் கர்வத்தோடே சொல்வேன்.

அட்டைக்கு எலியும் ஈரமும்தான் எதிரி. இப்போது இளம்பிள்ளைப் பக்கம் பல கூடங்களில் எலக்ட்ரானிக் ஜக்கார்டு. அட்டை கிடையாது. டிசைனைப் பென் டிரைவில் போட்டுக் கொடுக்கிறோம், தறியின் பெட்டியில் சொருகுகிறார்கள், தறி நெய்கிறது. எலி போய் வைரஸ் வந்தது.

“தம்பி, பென் டிரைவ் காலியா இருக்குதுன்னு தறி சொல்லுதுங்க” என்று ஒரு பெரியவர் வந்து நின்றார். நேற்று நான் கொடுத்த முந்தி டிசைன். கணினியில் சொருகிப் பார்த்தால் ஃபோல்டர் இருக்கிறது, ஆனால் மூலையில் ஒரு சின்ன அம்புக்குறி. சங்கதி புரிந்துவிட்டது. இடையில் அதைப் போட்டோ கடையிலோ பிரவுசிங் சென்டரிலோ சொருகியிருக்கிறார்கள். ஷார்ட்கட் வைரஸ் என்று நாங்கள் சொல்வது இதுதான். அசல் ஃபோல்டரை ஒளித்துவைத்துவிட்டு, அதே பெயரில் போலி ஒன்றை முன்னால் வைக்கும். நாம் அதை அமுக்கினால் நம் கணினியிலும் ஏறிக்கொள்ளும். தறியின் பெட்டியை அந்த வைரஸ் ஒன்றும் செய்யாது. ஆனால் ஒளித்துவைத்ததைத் தேடத் தெரியாததால் காலி என்கிறது. கறுப்புத் திரையில் ‘அட்ரிப்’ என்று ஒரு கட்டளை கொடுத்தால் ஒளிந்தது வெளியே வந்துவிடும். பெரியவருக்கு அதற்குள் அரை நாள் தறி நின்றிருந்தது. “எத்தனை ரூபாயாச்சு தம்பி?” என்று கேட்டார். எனக்கு ஆனதையா அவருக்கு ஆனதையா கேட்கிறார் என்று புரியாமல் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினேன்.

இது சில்லறை. என் தொழில்காரர் ஒருவருக்கு நடந்தது மொத்தம். ஒரு நாள் காலை அவருடைய டிசைன் கோப்புகள் அத்தனைக்கும் வால் முளைத்திருந்தது. பெயருக்குப் பின்னால் விளங்காத நான்கு எழுத்து. ஒன்றும் திறக்கவில்லை. கூடவே ஒரு கடிதம்: 980 டாலர் கொடு, 72 மணி நேரத்துக்குள் வந்தால் 490. திருடனும் தள்ளுபடி போடுகிறான். ‘ஸ்டாப்’ அல்லது ‘டிஜேவு’ என்று அழைக்கப்படுகிற குடும்பத்தைச் சேர்ந்த வைரஸ் அது. பெரும்பாலும் கிராக் செய்த சாஃப்ட்வேரோடு ஒட்டிக்கொண்டு வரும். 2019 அக்டோபரில் எம்சிசாஃப்ட் என்ற நிறுவனம் இதன் 148 வகைகளுக்கு இலவசமாகப் பூட்டுத் திறக்கும் கருவி வெளியிட்டது. இவருக்கு வந்தது அதற்குப் பிந்தைய ரகம். பணம் கொடுக்கவில்லை. அதற்குப் பதிலாக, தான் டிசைன் போட்ட பழைய சேலைகளை வாடிக்கையாளர்களிடம் கேட்டு வாங்கி, பூதக்கண்ணாடி வைத்து இழை எண்ணி, மறுபடியும் கிராஃப் போட்டார். துணிதான் அவருக்கு மிஞ்சிய பேக்கப்.

‘திருட்டு சாஃப்ட்வேர் போட்டால் இப்படித்தான்’ என்று கோயம்புத்தூரில் ஒரு கருத்தரங்கில் ஒருவர் சொன்னார். சொல்லலாம். அசல் டிசைன் சாஃப்ட்வேரின் விலையைச் சொன்னால் எங்கள் பக்கம் கேட்டவர் இரண்டாவது தறி எத்தனை என்று விசாரிப்பார். தவறைத் தவறு என்று ஒத்துக்கொண்டு அதற்குப் பிறகு என்ன செய்வது என்பதுதான் பேச்சு. அவர் அதற்குள் மேடையை விட்டு இறங்கிப்போய்விட்டார்.

பெரிய இடங்களின் கதையும் இதுதான். ‘எந்திரன்’ வந்த அதே 2010-ல், ஜூன் மாதம், பெலாரஸ் நாட்டின் ஒரு சின்ன நிறுவனம் ஸ்டக்ஸ்நெட்டைக் கண்டுபிடித்தது. இயந்திரத்தை உடைக்கவே எழுதப்பட்ட நிஜமான வைரஸ். ஈரானின் நத்தான்ஸ் யுரேனிய ஆலையில் சீமென்ஸ் கட்டுப்பாட்டுப் பெட்டிகளுக்குள் புகுந்து, சுழலும் கருவிகளின் வேகத்தை ஏற்றி இறக்கி நாசமாக்கியது. அந்த நேரத்தில் ஊழியர்களின் திரையில் எல்லாம் ஒழுங்காக ஓடுவதாகப் பழைய அளவுகளையே காட்டிக்கொண்டிருந்தது. ஆயிரம் கருவிகள்வரை போயிருக்கும் என்பது மதிப்பீடு. சினிமாவுக்கு ஏற்ற தந்திரம் அந்தப் பொய்த் திரை.

தன் இலக்கு இதுதானா என்று சரிபார்த்துவிட்டுத்தான் ஸ்டக்ஸ்நெட் கை வைக்கும். அவ்வளவு கவனமாக எழுதியும் அது ஊரெல்லாம் பரவியது. தொற்றிய கணினிகளின் கணக்கில் ஈரான் முதலிடம், அடுத்து இந்தோனேசியா, மூன்றாவது இந்தியா. யாருக்கோ வைத்தது நம் கணினிகளில் வந்து குந்தியிருந்தது. வந்த வழிகளில் முக்கியமானது பென் டிரைவ்.

2017 மே 12-ல் வானாக்ரை வந்தபோது இன்னும் தெளிவாகத் தெரிந்தது. அமெரிக்காவின் தேசியப் பாதுகாப்பு முகமை ரகசியமாக வைத்திருந்த விண்டோஸ் ஓட்டை ஒன்று திருடுபோய் வெளியே கசிந்தது. அதை வைத்துச் செய்த வைரஸ், ஒரு கணினிக்கு 300 டாலர் கேட்டது. சென்னைக்குப் பக்கத்தில் ஓரகடத்தில் ரெனோ–நிசான் கார் ஆலை பாதிக்கப்பட்டது. அவர்கள் சமாளித்துக்கொண்டார்கள். கேரளத்தில் ஊராட்சி அலுவலகங்களின் கணினிகளும் ஆந்திரத்தில் காவல்துறைக் கணினிகளும் மாட்டிக்கொண்டன. இத்தனைக்கும் மைக்ரோசாஃப்ட் அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை இரண்டு மாதம் முன்பே, மார்ச்சில், வெளியிட்டிருந்தது. ஊராட்சி எழுத்தருக்கு அதை யார் சொன்னார்கள்?

சுஜாதா ‘என் இனிய இயந்திரா’வை 2021-ல் நடப்பதாக வைத்தார். ஜீவா என்ற சர்வாதிகாரி, இரண்டெழுத்துப் பெயர்கள், புத்தகம் படிக்கிற இயந்திர நாய். நிஜமான 2021-ல், செப்டம்பரில், தமிழ்நாடு அரசின் பொதுத் துறைக் கணினிகளைப் பூட்டிவைத்து 1,950 டாலர் கேட்டார்கள். சர்வாதிகாரி வரவில்லை, வந்தவன் கந்துவட்டிக்காரன்.

இனி வரப்போவதைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 1992-ல் ‘ஸ்டார் ட்ரெக்’ தொடரில் போர்க் என்ற பாதி இயந்திர இனத்தைப் பற்றி ஒரு கதை. பிடிபட்ட ஒருவனின் மூளைக்குள், விடையே இல்லாத ஒரு வடிவக் கணிதப் புதிரை வைத்துத் திருப்பி அனுப்பினால் இனம் முழுவதும் அதை யோசித்தே அழிந்துபோகும் என்பது திட்டம். கேப்டன் பிகார்ட் கடைசியில் அனுப்பவில்லை. ஒரு இனத்தையே அழிக்கலாமா என்ற கேள்வி அவரைத் தடுக்கிறது. எனக்குப் பிடித்தது அந்தத் தயக்கம். ஆனால் புதிரே நோயாகும் என்ற கற்பனை இப்போது பாதி நிஜம். 2024-ல் ஆராய்ச்சியாளர்கள் சிலர் ‘மோரிஸ் 2’ என்ற ஒன்றைச் சோதனைக்கூடத்தில் செய்து காட்டினார்கள். மின்னஞ்சலுக்குப் பதில் எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவு உதவியாளருக்கு ஒரு கடிதம் வருகிறது. அதற்குள் சாதாரண வாக்கியங்களாகவே ஒரு கட்டளை. உதவியாளர் அதைப் படித்து, கீழ்ப்படிந்து, தகவலைக் கசியவிட்டு, தான் எழுதும் பதிலிலும் அதே வாக்கியங்களைச் சேர்த்து அடுத்தவருக்கு அனுப்புகிறது.

எங்கள் பையன்கள் இப்போதே செல்போனில் செயற்கை நுண்ணறிவிடம் மயில் புட்டா கேட்டு வரைய வைக்கிறார்கள். மயிலுக்குச் சில சமயம் மூன்று கால் வருகிறது, அது வேறு விஷயம். நாளைக்கு ஆர்டர் எடுப்பதும் நூல் கணக்குப் போடுவதும் அதன் கைக்குப் போகும். அப்போது தொற்று பென் டிரைவில் வராது, ஒரு ‘அண்ணா வணக்கம்’ மெசேஜில் வரும்.

என்ன செய்யலாம்? இதற்கு நாமக்கல்லைப் பார்த்தால் போதும். எங்கள் பக்கம் வைரஸை நேருக்கு நேர் பார்த்தவர்கள் கோழிக்காரர்கள். பண்ணை வாசலில் வண்டிச் சக்கரத்துக்கு மருந்து அடிக்காமல் உள்ளே விடமாட்டார்கள். எந்தக் குஞ்சுக்கு எந்த வாரம் எந்தச் சொட்டு மருந்து என்று தூக்கத்திலும் சொல்வார்கள். ஆனால் வீட்டுக் கொல்லையில் நாலு கோழி வளர்க்கிற பாட்டியிடம் அந்த வசதி இல்லை. அதற்காகத்தான் கால்நடை பராமரிப்புத் துறை ஆண்டுதோறும் பிப்ரவரியில் இரண்டு வாரம் கோழிக்கழிச்சல் தடுப்பூசி முகாமை ஊர் ஊராக இலவசமாக நடத்துகிறது. பாட்டியின் நாலு கோழியைக் கவனிக்காவிட்டால் பண்ணையின் ஐம்பதாயிரமும் பத்திரம் இல்லை என்பது துறைக்குத் தெரியும். உன் கோழி அசல் ரகமா, எங்கே வாங்கினாய், பில் இருக்கிறதா என்று அந்த முகாமில் கேட்பதில்லை.

விசைத்தறிக்கு இரண்டு மாதத்துக்கு 1,000 யூனிட் மின்சாரம் இலவசம். 2023-ல் 750-லிருந்து உயர்த்தினார்கள். நல்ல விஷயம், குறை சொல்லவில்லை. தறியின் மோட்டாருக்குக் கொடுக்கிற அரசு அதன் மூளைக்கும் கொஞ்சம் கொடுக்கலாம். மத்திய அரசின் சைபர் ஸ்வச்சதா மையம் 2017-லிருந்து வைரஸ் நீக்கும் கருவிகளை இலவசமாகத் தருகிறது. வெண்ணந்தூரிலும் மல்லசமுத்திரத்திலும் எத்தனை தறிக்கூடத்துக்கு அந்தப் பெயர் தெரியும் என்று கேட்டுப் பாருங்கள். பணம் போனால் 1930-க்குக் கூப்பிடு என்று பேருந்தில் ஒட்டியிருக்கிறார்கள். டிசைன் போனால் யாரைக் கூப்பிடுவது என்று எங்கும் ஒட்டவில்லை.

நான் கேட்பது வருடத்துக்கு இரண்டு வாரம். பாலிடெக்னிக் மாணவர்கள் நாலு பேர், இரண்டு மடிக்கணினி, ஒரு பெட்டி ஹார்ட் டிஸ்க். பென் டிரைவையும் கணினியையும் கொண்டுவந்தால் சுத்தம் செய்து, திருத்தங்களைப் போட்டு, டிசைன்களை இன்னொரு பிரதி எடுத்து, அதை வயரைக் கழற்றிப் பீரோவில் வைக்கச் சொல்லி அனுப்ப வேண்டும். பில் கேட்கக் கூடாது. கேட்டால் ஒருவரும் வரமாட்டார்கள், நான் உட்பட. இடத்துக்கும் அலைய வேண்டாம். கோழி முகாம் நடக்கிற கால்நடை மருந்தக வாசலிலேயே ஒரு மேசை போட்டால் போதும். கூடையில் கோழி வருகிற வீட்டிலிருந்துதான் பென் டிரைவும் வரப்போகிறது.