சத்தமிடும் பலகைகள்



சென்ற வாரம் தளிக்கு அருகே, நம் சபையைச் சேர்ந்த ஒரு குடும்பத்தாரின் வீட்டில் ஜெபக்கூட்டம் நடைபெற்றது. பழைய மச்சு வீடு. கீழே கூடம், மேலே, மர உத்தரங்களின்மீது பலகை பாவிய ஓர் அறை. நாங்கள் முழங்காற்படியிட்டபோது தரை முனகியது, எழுந்தபோதும் முனகியது. வீட்டுக்கார அம்மாள் வெட்கத்துடன், "ஐயா, உங்களுக்குக் கேட்கக்கூடாது என்றுதான் ஜமுக்காளத்தை இரட்டையாக விரித்தேன்" என்றார்கள். ஓசூர்த் தொழிற்சாலையில் வேலைசெய்யும் அவர்கள் மகன், அடுத்த விடுமுறையில் பலகையின்மேல் சிமெண்டு போட்டு டைல்ஸ் பதித்துவிடப்போவதாகச் சொன்னார்.

இப்படிப்பட்ட வீடுகள் உங்களில் சிலருக்கும் உண்டு. ஆகவே வெளிப்படையாகவே எழுதுகிறேன்: அதைச் செய்யாதீர்கள்.

மரம் வெட்டுண்ட பின்பும் அசைவை விடுவதில்லை. மழைக்காலத்தில் காற்றின் ஈரத்தை உறிஞ்சிப் பருக்கும். பங்குனி, சித்திரையில் சுருங்கும். குளிருக்காக ஆங்கிலேயர் 'லிட்டில் இங்கிலாந்து' என்று பெயரிட்ட நம் ஊரிலும் இதற்கு விலக்கில்லை. ஆண்டுக்கு ஆண்டு இவ்வாறு அசைவதால் ஆணித்துளை தளர்ந்துவிடுகிறது. மிதிக்கும்போது பலகை ஆணியோடு உரசி ஏறி இறங்குகிறது; நாம் கேட்பது அந்த உரசலைத்தான். பெரும்பாலும் அதனால் ஆபத்தில்லை.

என்னை அஞ்சவைத்தது வேறோர் இடம். சன்னலோரத்தில் தரை முனகவே இல்லை. என் கால் மெல்லக் கீழே இறங்கிற்று. பேரப்பிள்ளை படுக்கும் பாய் அங்கேதான் கிடந்தது. உத்தரம் மெலிந்ததாகவோ, உத்தரங்களுக்கிடையே இடைவெளி மிகுந்ததாகவோ இருந்தாலும் தரை தாழும். ஆனால் சுவருக்குள் செருகிய உத்தர முனையை ஈரமோ கரையானோ தின்றிருந்தாலும் அப்படியே தாழும். மேலே நின்று பார்ப்பவருக்கு இது தெரியாது. மகனும் நானும் கீழே போய், டார்ச் வெளிச்சத்தில் சுவரோரமாக ஒரு திருப்புளியால் குத்திப் பார்த்தோம். இரண்டு உத்தரங்கள் கெட்டியாக இருந்தன. மூன்றாவதில் இரும்பு ஒரு விரற்கடை உள்ளே போயிற்று.

அதன்மேல் இரண்டு அங்குலக் கலவை போட்டால் ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 100 கிலோ பாரம் கூடும். டைல்ஸ் கணக்கு தனி. கலவையின் ஈரமும் மரத்தில் இறங்கும். பலகையைக் கழற்றிப் பார்க்கும் வழியும் அடைபட்டுவிடும். ஜமுக்காளத்தையாவது சுருட்டி வைக்கலாம்.

முனகும் இடத்துக்குப் பரிகாரம் எளிது. கீழிருந்து பலகைக்கும் உத்தரத்துக்கும் நடுவிலுள்ள இடுக்கில், பசை தடவிய மெல்லிய ஆப்பைக் கையால் அழுத்திச் செருகுங்கள். ஓங்கி அடித்தால் பலகை எழும்பி, பக்கத்தில் புதிய சத்தம் பிறக்கும். பழைய ஆணியை அதே துளையில் மறுபடியும் அடிப்பது வீண். அருகே துளையிட்டுத் திருகாணி பூட்டுங்கள். கெட்டியான உத்தரம் துள்ளுமானால், உத்தரங்களுக்கிடையே குறுக்குக்கட்டைகள் இறுக்கினால் பெரும்பாலும் அடங்கும். உளுத்த உத்தரத்தை மட்டும் நீங்களே தொடாதீர்கள். முட்டுக் கொடுத்த பிறகே ஆசாரி அதில் கைவைக்க வேண்டும். ஈரம் வந்த வழியையும் அப்போதே அடைக்க வேண்டும்.

"மரம் பழசாகிவிட்டது ஐயா, எத்தனை நாள் தாங்கும்?" என்று மகன் கேட்டார். சாலொமோன் ஆலயத்தின் தளத்துக்குத் தேவதாருப் பலகைகளைப் பாவினதை நாம் வாசித்திருக்கிறோம். அவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். 1831-இல் திறக்கப்பட்ட உதகை பரிசுத்த ஸ்தேவான் ஆலயத்தின் உத்தரங்கள், ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தானின் அரண்மனையிலிருந்து பெயர்த்துக் கொண்டுவரப்பட்டவை. இரண்டாம் முறை பயன்பட்ட மரம் அது. இன்றும் கூரையைத் தாங்குகிறது. நனையாத மரத்துக்கு வயது ஒரு குறையன்று.

டைல்ஸுக்கென்று சேர்த்த பணத்தை ஆசாரிக்குக் கொடுக்க மகன் இசைந்துவிட்டார். சபையில் தச்சுவேலை அறிந்த சகோதரர்கள் சனிக்கிழமை காலை அங்கே வந்து உதவும்படி கேட்டுக்கொள்கிறேன். முட்டுக்கட்டைகள் சுமக்க வாலிபர் இருவர் போதும். பிள்ளையின் பாய் கீழ்க்கூடத்துக்கு வந்துவிட்டது. வருகிற வெள்ளிக்கிழமை ஜெபமும் கீழேதான்.