குதிரைத்திறன் மட்டும் கேட்டால் போதுமா?

முப்பது வருடத்துக்கு மேல் பாக் நீரிணைக் கரையோரப் பள்ளியில் அறிவியலும் கணக்கும் நடத்தியவன் நான். இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். வள்ளம் வைத்திருப்பவர்கள் பொறுமையாகப் படிக்கவும்.

போன மாதம் என் பழைய மாணவர் ஒருவர் வந்தார். "சார், இஞ்சின் போச்சு" என்றார். கடன் வாங்கி, பாய்மர வள்ளத்தில் புது டீசல் இஞ்சின் இறக்கி ஒரு வருடம்கூட ஆகவில்லை. பிரித்துப் பார்த்தால் சிலிண்டருக்குள் கடல் தண்ணீர். கனெக்டிங் ராடு வளைந்திருந்தது. இஞ்சின் மட்டம் என்று ஊரே சொன்னது. நான் போய்ப் பார்த்தேன். தப்பு இஞ்சினில் இல்லை, பொருத்தியதில்.

புகைக்குழாயை வலப்பக்கப் பலகையில், நீர்மட்டத்துக்கு ஒரு சாண் மேலே, நேராக வெளியே விட்டிருந்தார்கள். கரையோரம் நிற்கும்போது அது போதும் என்றுதான் தோன்றும். ஆனால் கச்சான் காற்றில் பாய் விரித்து வடக்கே ஓடினால் வள்ளம் வலப்பக்கம் சாயும். இஞ்சின் நின்றிருக்கும், குழாய் வாய் தண்ணீருக்குள் இருக்கும். திறந்திருக்கும் வால்வு வழியாகத் தண்ணீர் உள்ளே போய்விடும். பிறகு ஸ்டார்ட் செய்தால் என்ன ஆகும்? காற்றை அழுத்தலாம், தண்ணீரை அழுத்த முடியாது. ராடுதான் வளையும். ஆறாம் வகுப்புப் பாடம்தான் இது!

பாய் விரிக்கும் படகில் புகைக்குழாய் வாய் பின்பக்கம், நடுவை ஒட்டி இருக்க வேண்டும். வெளியே போகும் முன் குழாய் அன்னத்தின் கழுத்துபோல உயரே ஏறி வளைந்து இறங்க வேண்டும். எந்தப் பக்கம் சாய்ந்தாலும் அந்த வளைவு நீர்மட்டத்துக்கு மேலேயே நிற்க வேண்டும்.

அடுத்தது புரொப்பல்லர். "பெரிசாப் போட்டா வேகம் கூடும்" என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். கணக்குப் போடுவோம். 16க்கு 12 என்றால் விட்டம் 16 அங்குலம். ஒரு சுற்றுக்கு 12 அங்குலம், அதாவது ஒரு அடி முன்னேற வேண்டும். நிமிடத்துக்கு 1,200 சுற்று என்றால் மணிக்குக் கிட்டத்தட்ட 12 கடல் மைல். ஆனால் நீரில் வழுக்கல் உண்டு. நீரைத் தொடும் நீளம் 25 அடி உள்ள கனத்த வள்ளம், தானே எழுப்பும் அலையைத் தாண்டி ஏழு கடல் மைலை எட்டுவதே கடினம். அதற்கு மேல் பெரிய இறக்கை போட்டால் வேகம் வராது. இஞ்சின் தன் முழுச் சுற்றை எட்டாமல் திணறும்; கறுப்புப் புகை கக்கும்; டீசலைக் குடிக்கும். இவர் வள்ளத்திலும் அதுதான் நடந்தது. சிறிதாகப் போட்டாலும் தப்பு: இஞ்சின் வீணாகக் கூடுதலாகச் சுற்றும்.

சோதனை எளிது. வலை, ஐஸ், ஆட்கள் எல்லாம் ஏற்றி முழு வேகம் கொடுங்கள். தயாரிப்பாளர் சொன்ன சுற்று எண்ணிக்கை வந்தால் பொருத்தம் சரி.

என் கருத்து இதுதான். இஞ்சினுக்கு மானியம் கொடுப்பவர்களும் கடன் கொடுப்பவர்களும் விலைச்சீட்டை மட்டும் பார்க்கக்கூடாது. சுமையோடு கடலில் ஓட்டிக் காட்டச் சொல்லி, புகைக்குழாய் வைத்த விதத்தையும் புரொப்பல்லர் அளவையும் எழுதி வாங்க வேண்டும். அரை நாள் வேலைதான்.

அந்த மாணவர் இன்று இன்னொருவர் வள்ளத்தில் கூலிக்குப் போகிறார். தவணை மட்டும் மாதாமாதம் தவறாமல் வருகிறது. இஞ்சின் வாங்கப்போகும் உங்கள் சொந்தக்காரர் யாராவது இருந்தால் இதைப் படித்துக் காட்டுங்கள்.