எல்லைகள் மாறின, தோட்டம் ஊராகவில்லை

தமிழ்ப்பள்ளியில் படித்த காலத்தில் பேரா மாநிலத்தில் பத்து மாவட்டங்கள் என்று மனப்பாடம் செய்தோம். இடைநிலைப்பள்ளியில் அதே பாடத்தைத் தேசிய மொழியில் படித்து முடிப்பதற்குள் மாவட்டங்கள் பன்னிரண்டாகிவிட்டன. 2009இல் கிந்தாவிலிருந்து கம்பார் பிரிந்தது. 2016இல் பத்தாங் பாடாங்கிலிருந்து முவாலிம் பிரிந்தது. 2017இல் ஹிலிர் பேராவிலிருந்து பாகான் டத்தோ பிரிந்து பன்னிரண்டாவது மாவட்டமானது. எட்டே ஆண்டுகளில் மூன்று புதிய மாவட்டங்கள்! மலையும் ஆறும் இருந்த இடத்தில்தான் இருக்கின்றன. மனிதர் போட்ட கோடுகள்தாம் நகர்ந்தன.

மாவட்ட எல்லை என்றால் தேர்வுக்கு மட்டும் வேண்டிய செய்தி என்று நம்மில் பலர் நினைக்கிறோம். ஆனால், நில அலுவலகம் எங்கே இருக்க வேண்டும், எந்த இடத்தை ஊர் என்று அரசாங்கம் ஒப்புக்கொள்ள வேண்டும், மேம்பாட்டுப் பணம் எங்கே போய்ச் சேர வேண்டும் என்பவற்றை எல்லாம் இந்தக் கோடுகளே முடிவு செய்கின்றன. பேராவின் எல்லைகள் 150 ஆண்டுகளாக மாறி வந்திருக்கின்றன. அத்தனை மாற்றத்திலும் நம் முன்னோர் வாழ்ந்த தோட்டங்கள் மட்டும் ஊர் என்ற தகுதியைப் பெறவே இல்லை என்பதுதான் இக்கட்டுரையின் வழி நான் முன்வைக்க விரும்பும் கருத்து.

முதலில் வரலாற்றைச் சற்றுத் திரும்பிப் பார்ப்போம். 1874 ஜனவரி 20ஆம் நாள் பாங்கோர் உடன்படிக்கை கையெழுத்தானது. பேராவில் பிரிட்டிஷ் ரெசிடெண்ட் ஆட்சிக்கு அதுவே தொடக்கம். அந்த உடன்படிக்கையோடு பாங்கோர் தீவும் அதற்கு எதிரே உள்ள கரையோர நிலமும் 'டிண்டிங்ஸ்' என்ற பெயரில் பேராவின் கையை விட்டுப் போயின. பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் அடங்கிய நீரிணைக் குடியேற்றங்களோடு அவை சேர்க்கப்பட்டன. ஏறக்குறைய அறுபது ஆண்டுகள் கழித்து, 1935இல்தான் அப்பகுதி மீண்டும் பேராவுக்குக் கிடைத்தது. இன்றைய மஞ்சோங் மாவட்டத்தில் அது அடங்கியிருக்கிறது. வடக்கே குரோ, அதாவது இன்றைய பெங்காலான் ஹூலு, சயாமின் ஆதிக்கத்தில் இருந்த ரெமான் பகுதியைச் சேர்ந்திருந்தது. 1909ஆம் ஆண்டு ஆங்கில-சயாம் உடன்படிக்கைக்குப் பிறகே அது பேராவோடு இணைந்தது. ஆக, பேராவின் வரைபடம் இன்றைய வடிவத்தைப் பெற்று நூறு ஆண்டுகூட ஆகவில்லை.

உள்ளே இருந்த மாவட்டக் கோடுகளும் காரணமின்றிப் பிறக்கவில்லை. லாருட்டில் ஈயம் கிடைத்தது. அதற்காகச் சீனக் குழுக்கள் மோதிக்கொண்டதால் அங்கே ஓர் ஆட்சி மையம் தேவைப்பட்டது. தைப்பிங் தலைநகரானது. பின்னர் கிந்தா பள்ளத்தாக்கின் ஈயம் லாருட்டை மிஞ்சியது. பத்து காஜாவில் கிந்தாவின் மாவட்ட நிர்வாகம் அமைந்தது. 1937இல் மாநிலத் தலைநகரே ஈப்போவுக்கு வந்து சேர்ந்தது. கிரியானில் கரும்பும் நெல்லும் விளைந்தன. மாவட்டங்கள் முக்கிம்களாகப் பிரிக்கப்பட்டு, முக்கிமுக்கு ஒரு பெங்ஹுலு அமர்த்தப்பட்டார். வரி எங்கே வசூலாகுமோ, அதைச் சுற்றியே கோடு விழுந்தது.

அந்த வருமானத்தில் நம் முன்னோரின் வியர்வைக்கும் பங்குண்டு. கிரியானின் கரும்புத் தோட்டங்களில் தமிழர் உழைத்தனர். தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்கு 1885இல் ஓடத் தொடங்கிய மலாயாவின் முதல் இரயில் பாதையிலும் தமிழர் உழைப்பு இருக்கிறது. 1877இல் கோலக்கங்சாரில் ஒரு சில கன்றுகளாக நடப்பட்ட ரப்பர், அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்தில் மாநிலம் முழுதும் காடாக எழுந்தது. சுங்கை சிப்புட், சித்தியவான், தாப்பா, சிலிம் ரிவர் என்று தோட்டம் இல்லாத வட்டாரம் அரிது என்ற நிலை உருவானது. பாகான் டத்தோ பக்கம் தென்னந்தோப்புகள் வளர்ந்தன.

தோட்டத்திற்குள்ளும் எல்லைகள் இருந்தன. எந்த டிவிஷன், எந்த லயம், எந்த நிரை என்று கேட்டால் ஆளை அடையாளம் சொல்லிவிடலாம். விடியுமுன் பெரட்டுக்கு நிற்கும் இடம், ஆயாக் கொட்டகை, கோயில், பள்ளி, இடுகாடு எல்லாம் அந்த எல்லைக்குள்ளேயே அமைந்தன. மனிதர் பிறந்து, மணம் முடித்து, மடிந்த இடம் அது. அதை ஊர் என்று சொல்லாமல் வேறு என்னவென்று சொல்வது?

ஆனால், சட்டம் அப்படிச் சொல்லவில்லை. நிலம் மாநில அரசின் அதிகாரத்துக்கு உட்பட்டது. 1965ஆம் ஆண்டின் தேசிய நிலச் சட்டப்படி மாநிலத்தை மாவட்டங்களாகவும், மாவட்டத்தை முக்கிம்களாகவும், அதற்குள் பட்டணம், கிராமம் என்றும் பிரித்து அரசிதழில் அறிவிக்கும் அதிகாரம் மாநில அரசுக்கே உண்டு. தோட்டமோ ஒரு நிறுவனத்தின் பெயரில் உள்ள நிலப்பட்டா. ஆயிரம் பேர் மூன்று தலைமுறையாக அங்கே வாழ்ந்தாலும் அரசாங்க ஏட்டில் அது ஒரு நில எண் மட்டுமே. கம்பத்திற்குக் கிராமத் தலைவர் இருந்தார். அவருக்கு மேல் பெங்ஹுலு இருந்தார். தோட்டத்திற்குக் கங்காணியும் கிராணியும் துரையும் இருந்தார்கள். அவர்கள் நிறுவனத்தின் ஆட்கள். மக்களின் குறையை மாவட்ட அலுவலகத்துக்குக் கொண்டுசெல்ல வேண்டிய கடமை அவர்களுக்கு இல்லை.

இதன் விளைவை ஓர் ஒப்பீட்டில் தெளிவாகக் காணலாம். 1948 ஜூன் 16ஆம் நாள் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் மூன்று ஐரோப்பியத் தோட்டக்காரர்கள் கொல்லப்பட்டதை அடுத்து அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. 1950இல் பிரிக்ஸ் திட்டம் வந்தது. ஏறத்தாழ ஐந்து இலட்சம் மக்கள் புதுக்கிராமங்களில் குடியேற்றப்பட்டனர். அவர்களில் பெரும்பாலோர் சீனர். முள்வேலிக்குள் அடைக்கப்பட்ட துன்பமான வாழ்க்கைதான் அது, மறுப்பதற்கில்லை. ஆனால், அவசரகாலம் முடிந்த பிறகும் அந்தக் கிராமங்கள் நிலைத்தன. அவற்றுக்குப் பெயர் இருந்தது. பலருக்குக் குத்தகை நிலமும் கிடைத்தது. தோட்டத் தொழிலாளரும் அதே காலத்தில் வேலிக்குள் ஒன்றுசேர்க்கப்பட்டனர். ஆனால், அந்த வேலி தோட்ட நிலத்திலேயே போடப்பட்டது. வேலி அகற்றப்பட்டபோது நம்மவர் கையில் நிலமும் இல்லை, கிராமமும் இல்லை.

1950களில் வெளிநாட்டு முதலாளிகள் தோட்டங்களைத் துண்டுதுண்டாக விற்கத் தொடங்கியபோதே இந்த ஆபத்து வெளிப்பட்டது. சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த துன் வீ.தி.சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்து, தொழிலாளரின் சிறுசேமிப்பைத் திரட்டித் தோட்டங்களை வாங்க வழிசெய்தார். தொழிலாளிக்கு நிலத்தில் உரிமை வேண்டும் என்ற தெளிவு அதில் இருந்தது. எனினும், எல்லாத் தோட்டங்களையும் காப்பாற்ற ஒரு சங்கத்தால் இயலுமா? ரப்பர் செம்பனையானது. செம்பனை சில இடங்களில் வீடமைப்புத் திட்டமானது. நிலம் கைமாறியபோது, அதில் பிறந்து வளர்ந்தவர்கள் ஒரே நாளில் அந்நிலத்தில் தங்க உரிமையற்றவர்கள் ஆனார்கள். கோயிலும் மற்றவர் நிலத்தில் நிற்கும் கட்டடமாக மாறிப்போனது.

என் தந்தையார் சிலிம் ரிவர் வட்டாரத் தோட்டம் ஒன்றில் பிறந்தவர். அவருடைய பிறப்புப் பத்திரத்தில் மாவட்டம் பத்தாங் பாடாங் என்றிருக்கிறது. அந்த நிலம் இன்று முவாலிம் மாவட்டத்தில் உள்ளது. இதனால் அவருக்கு எந்த இழப்பும் இல்லை. மாவட்டம் மாறினால் பழைய பெயரும் புதிய பெயரும் அரசாங்க ஏட்டில் இருக்கும்; எதிலிருந்து எது பிரிந்தது என்று யாரும் தேடிக் கண்டுகொள்ளலாம். ஆனால், அவர் பிறந்த தோட்டம் இன்று இல்லை. எந்த ஊர் என்று கேட்டால் அவர் தோட்டத்தின் பெயரைச் சொல்கிறார். ஈப்போவில் கேட்பவருக்கு அது விளங்குவதில்லை. மாவட்டத்துக்குக் கிடைத்த மரியாதை தோட்டத்துக்குக் கிடைக்கவில்லை.

தோட்டப் பெயர்களைத் தாங்கிப் பிடித்திருப்பவை தமிழ்ப்பள்ளிகளே. பேராவில் 130க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. அவற்றில் பல தோட்டத்தின் பெயரைத் தாங்கி நிற்கின்றன. தோட்டம் அழிந்து, பள்ளி பட்டணத்தருகே இடம் மாறிய பிறகும் பெயர்ப்பலகையில் 'லாடாங்' என்ற சொல் நிற்கிறது. நவீனமாக இல்லை என்று அந்தப் பெயர்களை மாற்ற நினைப்போரும் உண்டு. அவர்களை நான் கேட்டுக்கொள்வது ஒன்றே. அந்தப் பலகையையும் எடுத்துவிட்டால், அவ்விடத்தில் ஓர் ஊர் இருந்தது என்பதற்கு வேறென்ன சான்று மிஞ்சும்?

"தோட்டம் தனியார் சொத்து, அதை அரசாங்கம் எப்படி ஊராக்க முடியும்?" என்று சிலர் வாதிடலாம். நெடுஞ்சாலைக்கும் தொழிற்பேட்டைக்கும் தனியார் நிலம் தேவைப்பட்டால் 1960ஆம் ஆண்டின் நில எடுப்புச் சட்டத்தின்படி இழப்பீடு கொடுத்து அரசு எடுத்துக்கொள்கிறது. சாலைக்கு முடிந்தது லயத்துக்கு ஏன் முடியாமல் போனது?

நம்மைப் போலவே தோட்டங்களில் வாழும் இலங்கை மலையகத் தமிழரைப் பாருங்கள். அங்கே 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டம் தோட்டப்புறத்தில் சபைகள் பணம் செலவிடுவதற்குத் தடையாக இருந்தது. பல ஆண்டுக் கோரிக்கைக்குப் பின் 2018இல் அச்சட்டம் திருத்தப்பட்டது. நுவரெலியா மாவட்டத்தில் நுவரெலியா, அம்பகமுவ என்றிருந்த இரண்டு பிரதேச சபைகள் ஆறாகப் பிரிக்கப்பட்டன. நோர்வூட், மஸ்கெலியா, கொட்டகலை, அக்கரப்பத்தனை ஆகியவை தனிச் சபைகளாயின. மலையகத்தின் துயரம் அதனால் தீர்ந்துவிட்டது என்று சொல்ல வரவில்லை. ஆனால், தோட்டத் தமிழர் எல்லைக் கோட்டைத் தங்களுக்காக மாற்ற வைக்க முடியும் என்பதற்கு அது கண்கூடான சான்று. தமிழ்நாட்டிலும், காரைக்காலைக் கடந்து நாகப்பட்டினத்துக்கு அலைந்த மயிலாடுதுறை மக்கள் தனி மாவட்டம் கேட்டுக் கேட்டு 2020இல் பெற்றார்கள். கேட்டவர்களுக்கே கோடு நகர்ந்திருக்கிறது.

"தோட்டமே போய்விட்டது, இனிப் பேசி என்ன பயன்?" என்போரும் உண்டு. எல்லாத் தோட்டமும் போய்விடவில்லை. செம்பனைத் தோட்டக் குடியிருப்புகளில் இன்றும் நம்மவர் வாழ்கிறார்கள். மாற்று வீடு கிடைத்து வெளியேறுவோரும் இருக்கிறார்கள். அந்தக் குடியிருப்புகள் மாறும்போது அவற்றைக் கிராமமாக அரசிதழில் பதிய வேண்டும். பழைய தோட்டத்தின் பெயரையே சூட்ட வேண்டும் என்று நம் சட்டமன்ற உறுப்பினர்களிடம் கேட்க வேண்டும். புதிய வீடமைப்புப் பகுதியில் ஒரு சாலைக்காவது அந்தத் தோட்டத்தின் பெயரை வைப்பதற்குப் பெரும் பணம் தேவையில்லை. மனம் இருந்தால் போதும்.

கேட்பதற்குக் கையில் சான்று வேண்டும். அங்கேதான் பல்கலைக்கழக மாணவர்களாகிய நமக்கு வேலை இருக்கிறது. நம் பேரவையில் பேராவைச் சேர்ந்த மாணவர்கள் குறைவில்லை. ஒவ்வொருவரும் விடுமுறையில் தம் குடும்பத்தார் வாழ்ந்த ஒரு தோட்டத்தைப் பற்றி மட்டும் எழுதி வரட்டும். நிறுவனம் வைத்த பெயர் என்ன, தொழிலாளர் தமிழில் அழைத்த பெயர் என்ன, எந்த முக்கிம், அன்று எந்த மாவட்டம், இன்று எந்த மாவட்டம், எப்போது மூடப்பட்டது, மக்கள் எங்கே போனார்கள், பள்ளியும் கோயிலும் இடுகாடும் என்னவாயின என்று கேட்டுக் குறிப்பெடுத்தால் போதும். பெரட்டுக்கு நின்ற தலைமுறை முதுமையில் இருக்கிறது. அவர்களிடம் இன்று கேட்காவிட்டால் நாளை கேட்க ஆள் இருக்காது.

இவற்றைத் தொகுத்துப் பேராவின் வரைபடத்தில் ஒவ்வொன்றாகக் குறித்தால், பாடநூலில் இல்லாத ஒரு வரைபடம் நம் கையில் இருக்கும். பேராவின் மாவட்ட எல்லைகள் இத்தோடு நின்றுவிடப் போவதில்லை. மக்கள் தொகை கூடும், பட்டணம் வளரும், மீண்டும் ஒரு கோடு நகரும். அன்று மாவட்ட அலுவலகத்தின் மேசையில் கிராமங்களின் பட்டியல் விரிக்கப்படும்போது, நம் ஊர்களின் பட்டியலும் அதன் அருகில் இருக்கட்டும்.