முதல் சிந்தசைசர்

முதல் சிந்தசைசர் வாங்குகிறவர்கள், உள்ளே எத்தனை ஒலிகள் இருக்கின்றன என்றுதான் முதலில் விசாரிக்கிறார்கள். முகப்பில் எத்தனை குமிழ்கள் இருக்கின்றன என்று பாருங்கள் என்பேன். 1983-இல் வந்த யமஹா டிஎக்ஸ்7 மகத்தான கருவி. ஒலியைப் பிறப்பிக்கும் ஆறு ஆபரேட்டர்கள், அவற்றை இணைக்கும் 32 அல்காரிதம்கள். ஆனால் அத்தனையையும் சின்னத் திரை, பொத்தான்கள், ஒற்றை ஸ்லைடர் வழியாகவே மாற்றவேண்டும். பலரும் தயாராக வந்த ஒலிகளோடு நின்றுவிட்டார்கள். அதற்கு முந்தைய ஆண்டு வந்த ரோலண்ட் எஸ்எச்-101 எளிமையானது: ஒலியைப் பிறப்பிக்கும் ஒரு ஆசிலேட்டர், அதைச் செதுக்கும் ஒரு ஃபில்டர், ஒரு நேரத்தில் ஒரே சுரம். எல்லாமே கைக்கெட்டும் முகப்பில். சா (ரம்பப்பல்) அலையை ஒலிக்கவிட்டு ஃபில்டரின் கட்-ஆஃபை மெல்ல இறக்கினால், காதைக் கீறிய ஒலி கம்பளிக்குள் புகுந்ததுபோல் மழுங்கும். ரெசனன்ஸைக் கூட்டுங்கள், அங்கேயே ஒரு விசில் முளைக்கும். ஃபில்டரைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல பாடம் கிடையாது. 2016-இல் வந்த கோர்க் மினிலாகும் இந்த வழிதான். நான்கு குரல், அதாவது ஒரே நேரத்தில் நான்கு சுரம் என்பதால் கார்டும் பிடிக்கலாம். கட்டைகள் ஒல்லியானவை, பியானோ பழகிய கை வாங்குமுன் வாசித்துப் பார்த்துவிடட்டும். உள்ளே ஸ்பீக்கர் கிடையாது; ஹெட்ஃபோனுக்கும் பணம் ஒதுக்கிவையுங்கள்.