பளபளப்பை நம்பாதீர்கள்

மாதிரி விமானம் செய்யும் பிள்ளைகள் பலர், "எந்தக் கிளியர் கோட் வாங்கலாம் சார்?" என்று கேட்கிறீர்கள். டப்பாவின் பெயரைவிடச் சோதனையை நம்புங்கள் என்பதே என் கருத்து.

குளோ எஞ்சின் எரிபொருளில் மெத்தனால், எண்ணெய், பெரும்பாலும் நைட்ரோமீத்தேனும் இருக்கும். புகையோடு தெறிப்பது பூச்சை இளக்கினால், எண்ணெய் பால்சா மரத்தில் ஊறி ஒட்டு விட்டுப்போகும். நைட்ரேட் டோப் இதைத் தாங்காது. பியூட்டிரேட் டோப் ஓரளவு தாங்கும். ஹார்டனர் கலக்கும் பாலியூரிதேன் நன்றாகத் தாங்கும். ஆனால் அந்த ஹார்டனரில் உள்ள ஐசோசயனேட் நுரையீரலுக்குக் கேடு. துணி முகக்கவசத்தை நம்பி வீட்டுக்குள் ஸ்பிரே அடிக்காதீர்கள்.

துண்டு பால்சாவில் பூசி ஒரு வாரம் விடுங்கள். தொட்டால் ஒட்டாதது வேறு, உள்ளே இறுகியது வேறு. பிறகு நீங்கள் ஊற்றும் அதே எரிபொருளில் ஒரு சொட்டு விட்டு, கால் மணி கழித்துத் துடையுங்கள். பிசுபிசுத்தால் அந்தப் பூச்சு வேண்டாம். வீணாவது ஒரு துண்டு மரம்தான். பல மாத உழைப்பு தப்பும்.